முழங்கால் தண்ணீர்

ராத்திரியில் மறுகால் பாயும் சத்தம் கேட்டுவிட்டால் எங்கள் வீட்டில் அப்புறம் யாரும் தூங்க மாட்டோம். சந்தோஷம் தூங்க விடாது. ஐப்பசி அடைமழை ஓய்ந்த ஒரு ராத்திரி, திண்ணையில் படுத்திருந்த அப்பா எழுந்து உட்கார்ந்து காதைக் கொடுத்துக் கேட்டார். தெற்கே இருந்து, முறத்தில் அரிசி புடைக்கிற மாதிரி ஒரே சீராக ஒரு சத்தம். "கம்மா பெருகிருச்சு" என்றார். அம்மா விளக்கைத் தூண்டினாள். பக்கத்து வீட்டிலும் கதவு திறந்தது. கொஞ்ச நேரத்தில் அரிக்கேன் விளக்குகள் வரிசையாகக் கரைமேல் போயின. மறுகால் வழிகிற கலுங்குக்குக் கீழே கெண்டைகள் வெள்ளத்தை எதிர்த்து ஏறித் துள்ளின. பெண்கள் பழைய சேலையை விரித்துப் பிடித்து நின்றார்கள். எனக்கு அப்போது ஏழு வயசு இருக்கும்.

எங்கள் ஊர் ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவில் இருக்கிறது. இரண்டுக்கும் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான் இடைவெளி. கண்மாய்க் கரையில் ஏறி நின்றால் வடக்கே ஆண்டாள் கோயில் கோபுரம், தெற்கே சஞ்சீவி மலை, மேற்கே விடிந்தது முதல் அடைந்தது வரை கண்ணை விட்டு மறையாத மேற்குத் தொடர்ச்சி மலை. மலையில் கறுத்துக்கொண்டு நின்றால் மறுநாள் ஓடையில் தண்ணீர் வரும். ஓடை ஒரு கண்மாயை நிரப்பும். அது மறுகால் விட்டால் அடுத்த கண்மாய். இப்படிப் படிப்படியாக இறங்கி, மிஞ்சினது வைப்பாற்றுக்குப் போய்ச் சாத்தூரைத் தாண்டி மன்னார் வளைகுடாவில் சேரும். பள்ளிக்கூடத்தில் நதிகளைப் பற்றிப் படித்தேன். தண்ணீர் ஒரு கண்மாயிலிருந்து இன்னொன்றுக்குக் கைமாறிப் போவதைச் சொல்லித் தந்தவர் நீர்ப்பாய்ச்சித் தாத்தா.

மடையைத் திறப்பது, அடைப்பது, யார் வயலுக்கு எந்த முறை என்று பார்ப்பது எல்லாம் அவர் பொறுப்பு. அறுவடையில் ஒவ்வொரு களத்திலும் அவருக்கென்று நெல் அளந்து வைப்பார்கள். தோளில் எப்போதும் மண்வெட்டி. நான் கரையில் நின்று தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தால் கீழே இருந்து கூப்பிடுவார். "பேராண்டி, கரையில நின்னா கம்மா தெரியாது. முழங்கா தண்ணிக்கு வா."

போவேன். கரை கிழக்கே இருக்கும். தண்ணீர் மேற்கே பரந்து கிடக்கும். கரையோரம் ஆழம், மேற்கே போகப் போக மேடு. அந்த மேட்டுப் பக்கத்தை உள்வாய் என்பார்கள். அங்கே தண்ணீர் முழங்காலுக்கு வரும், அப்புறம் கணுக்காலுக்கு, அப்புறம் சேறு, அப்புறம் ஈர மண், அதற்கப்புறம் புல். எந்த இடத்தில் கண்மாய் முடிந்து தரை ஆரம்பிக்கிறது என்று கோடு போட முடியாது.

கோரைக்கு நடுவில் ஒருநாள் என் தோளை அழுத்தி உட்கார வைத்தார். சேற்றில் குந்திக்கொண்டு பார்த்தேன். பாசியும் அழுகின கோரையும் சேர்ந்த ஒரு குப்பல் தண்ணீர்மேல் மிதந்தது. அதன்மேல் முக்குளிப்பான் ஒன்று. எங்களைக் கண்டுகொண்டது. உடனே பறந்துவிடும் என்று நினைத்தேன். அது அவசர அவசரமாக அலகால் ஈரப் பாசியை இழுத்து, இந்தப் பக்கம் ஒரு வாய், அந்தப் பக்கம் ஒரு வாய் என்று முட்டைகளை மூடிற்று. பிறகுதான் சத்தமில்லாமல் தண்ணீருக்குள் இறங்கியது. இறங்கின இடத்தில் ஒரு வட்டம்கூட எழவில்லை. இப்போது அங்கே கூடு என்று ஒன்று கிடையாது, அழுகின பாசிதான். "பால் சட்டிய மூடிட்டு வெளிய போறா பாரு" என்றார் தாத்தா, ரொம்பவும் மெல்ல. வெள்ளையாக இட்ட முட்டை அந்தப் பாசியின் சாயம் ஏறி நாளாக நாளாகத் தவிட்டு நிறம் ஆகும் என்றும் அவர்தான் சொன்னார். பின்னாளில் பறவைப் புத்தகம் ஒன்றில் அதே விஷயத்தைப் படித்தபோது, அவர் சொன்னது போலவே இருக்கிறதே என்று புத்தகத்தை மூடிவைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் படிக்கப் போனபோது மார்கழி வேறு மாதிரி ஆயிற்று. விடியுமுன் ஒலிபெருக்கியில் ஆண்டாளின் திருப்பாவை. அத்தை வீட்டில் தங்கியிருந்தேன். அத்தை குளிர்ந்த தண்ணீரில் குளித்துவிட்டு வாசலில் கோலம் போட்டுக்கொண்டே கூடச் சேர்ந்து பாடுவாள். பக்தியாகத்தான் எல்லோரும் கேட்டோம். எனக்கு அதோடு கூட எங்கள் கண்மாயும் கேட்கும். மூன்றாம் பாசுரத்தில் ஓங்கின நெல்லுக்கு நடுவே கயல்மீன் துள்ளுகிறது. ஏழாவதில் ஆனைச்சாத்தன் பறவைகள் விடியலில் கூடிப் பேசுகின்றன. பதினான்காவதில் புழைக்கடைத் தோட்டத்துக் குளத்தில் செங்கழுநீர் வாய் திறக்கிறது, ஆம்பல் வாய் கூம்புகிறது. இரவுப் பூ மூடி பகல் பூ திறக்கிற அந்தக் கொஞ்ச நேரத்தைக் கண்ணால் கண்டவர்தான் அப்படி எழுத முடியும். வயலில் மீன் துள்ள வேண்டுமென்றால் கண்மாயில் மீன் இருக்க வேண்டும், மடைவழியாக அது வயலுக்கு வர வேண்டும். இந்த ஊரில் அது அன்றாடம் நடந்திருக்கிறது.

அத்தை வீட்டிலிருந்து பெரியகுளம் கண்மாய்க்கு நடந்தே போய்விடலாம். ஞாயிற்றுக்கிழமை காலையில் போய் உட்காருவேன். மார்கழி, தை ஆனால் வாத்துகள் வந்து இறங்கியிருக்கும். ஊசிவால் வாத்து, நீலச்சிறகி, இன்னும் பெயர் தெரியாத உள்ளான்கள். அவற்றில் சில சைபீரியாவிலிருந்து வருகின்றன என்று தெரிந்தபோது ஒன்றும் பெரிதாகத் தோன்றவில்லை. அந்த வயசில் சைபீரியாவும் மதுரையும் எனக்கு ஒன்றுதான். இப்போது நினைத்தால்தான் நெஞ்சு அடைக்கிறது. அத்தனை தூரம், இமயத்தைத் தாண்டி, ஒரு உள்ளங்கைக் கனமுள்ள உயிர் வருகிறது. ஐப்பசி மழை பெய்து, மலையிலிருந்து தண்ணீர் இறங்கி, யாரோ ஒரு நீர்ப்பாய்ச்சி மடையை ஒழுங்காக அடைத்து வைத்திருப்பார் என்கிற நம்பிக்கையில் வருவது போலத்தான் எனக்குப் படுகிறது.

மலைக்குக் காவல் வந்துவிட்டது. 1988-ல் சாம்பல் நிற அணிலுக்காகச் சரணாலயம் அறிவித்தார்கள். செண்பகத்தோப்புப் பக்கம் போனால் மரத்துக்கு மரம் தாவும் அந்த அணிலைப் பார்க்கலாம். 2021-ல் மேகமலையையும் சேர்த்து ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம் ஆனது, நாட்டின் 51-வது காப்பகம். எனக்கு அதில் நிறைந்த சந்தோஷம். ஆனால் அந்த மலை தருகிற தண்ணீர் அடிவாரத்துக்கு இறங்கி வந்ததும் அதன்மேல் இருந்த காவல் நின்றுபோகிறது. புலி நடக்கிற காட்டில் ஊறி வந்த ஓடைக்கு, ஊருக்குள் நுழைந்தபின் கேட்பார் இல்லை.

2017-ல் ஈரநிலங்களைக் காக்க மத்திய அரசு புது விதிகள் கொண்டுவந்தது. ஆசையாக எடுத்துப் படித்தேன். ஈரநிலம் என்றால் எது என்று விளக்கும் இடத்தில், பாசனத்துக்காகவும் குடிநீருக்காகவும் மனிதர்கள் கட்டினவற்றை விலக்கியிருந்தார்கள். எங்கள் கண்மாய் மனிதர்கள் கட்டினது, பாசனத்துக்காகக் கட்டினது. அந்த வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். முக்குளிப்பானுக்கு அந்த வித்தியாசம் தெரியாதே என்றுதான் முதலில் தோன்றியது. தமிழ்நாட்டில் ஏறத்தாழ 39,000 ஏரிகளும் கண்மாய்களும் இருக்கின்றன. இந்தத் தென்கோடியில் இயற்கையான நன்னீர் ஏரியைத் தேடி அலைந்தாலும் கிடைப்பது அபூர்வம். இங்கே தண்ணீர்ப் பறவை பிழைப்பதே மண்வெட்டி பிடித்த கைகள் உண்டாக்கின நீரில்தான்.

விதி அப்படி இருந்தும் வழி அடைந்துபோகவில்லை. 1971-ல் ஈரானில் ராம்சர் என்ற ஊரில் கூடி உலக நாடுகள் செய்துகொண்ட ஈரநில உடன்படிக்கையின் பட்டியலில், தமிழ்நாட்டுக்கு ரொம்ப காலம் கோடியக்கரை ஒன்றுதான் இருந்தது. 2022-ல் ஒரே வருஷத்தில் பதின்மூன்று இடங்கள் சேர்ந்தன. 2025-ல் ராமநாதபுரம் மாவட்டத்துச் சக்கரக்கோட்டையும் தேர்த்தங்கலும் சேர்ந்து இருபது ஆயிற்று. அதே மாவட்டத்துச் சித்திரங்குடியும் காஞ்சிரங்குளமும் அந்த இருபதில் உண்டு. அவையும் கண்மாய்கள்தான். கரை இருக்கிறது, மடை இருக்கிறது, கரைக்குள் கருவேலமரம் நிற்கிறது, அதில் நாரை கூடு கட்டுகிறது. எங்கள் கண்மாய்க்கு ஒன்றும் குறைச்சல் கிடையாது. மனசு வைத்தால் முடியும் என்பதற்கு அவற்றை விட வேறு சாட்சி எனக்குத் தேவையில்லை.

கூந்தன்குளத்துக்கு மாமாவைக் கூட்டிக்கொண்டு போனது ஞாபகம் வருகிறது. மாமா சிவகாசியில் பட்டாசு வேலையில் இருந்தவர். வாழ்நாள் முழுக்கக் கைரேகைக்குள் வெள்ளி மருந்து. கூந்தன்குளம் நாங்குநேரிப் பக்கம். மணிமுத்தாற்றுத் தண்ணீர் கால்வாயில் வந்து நிரப்புகிற குளம், 1994-ல் சரணாலயம் ஆனது. அங்கே வீட்டு வாசல் மரங்களிலேயே மஞ்சள் மூக்கு நாரைகளும் கூழைக்கடாக்களும் கூடு கட்டுகின்றன. தவறி விழுந்த குஞ்சை ஊர்க்காரர்கள் எடுத்து மீன் கொடுத்து வளர்த்துப் பறக்க விடுகிறார்கள். தீபாவளிக்கு வெடி போடுவதில்லை என்று டீக்கடைக்காரர் சொன்னதும் மாமா டம்ளரை வைத்துவிட்டு அவர் முகத்தைப் பார்த்தார்.

"பிள்ளைக அழாதா?"

"பழகிருச்சுங்க அண்ணாச்சி. குஞ்சு கூட்டுல இருக்கும்ல?"

மாமா வேறு ஒன்றும் கேட்கவில்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில் கயத்தாறு தாண்டியதும், "நல்ல ஊரு" என்றார். அப்புறம் சாத்தூர் வரைக்கும் பேசவே இல்லை. அடுத்த தீபாவளிக்கு எங்கள் ஊருக்கு வந்தபோது, வழக்கமாகக் கொண்டுவருகிற பையில் கம்பி மத்தாப்பும் புஸ்வாணமும் மட்டும் இருந்தன. கண்மாய்க் கரைப் பக்கம் விளையாடிய பிள்ளைகளைத் தெருவுக்குக் கூட்டி வந்துவிட்டார்.

சிவகங்கைச் சீமையில் கொள்ளுக்குடிப்பட்டி, வேட்டங்குடிப்பட்டிக்காரர்களும் அப்படித்தான். பறவைக்காகத் தீபாவளிச் சத்தத்தை விட்டவர்கள். வேடந்தாங்கல் கதை இன்னும் பழசு. செங்கல்பட்டுச் சீமையில் கலெக்டராக இருந்த லயோனல் பிளேஸ் 1798-லேயே அந்த ஏரிப் பறவைகளை யாரும் சுடக்கூடாது என்று ஊராருக்கு உரிமை எழுதிக் கொடுத்ததாகச் சொல்வார்கள். ஊரார் அதைக் கேட்டு வாங்கினதற்குக் காரணம் உண்டு. எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம். நீர்ப்பாய்ச்சித் தாத்தாவும் இதைத்தான் சொல்வார். கருவேலமரத்துக்குக் கீழே வெள்ளையாகப் படிந்திருப்பதைக் காலால் காட்டி, "ஒரு மூட்டை யூரியா" என்பார். அவருக்குப் பறவை வேறு, வெள்ளாமை வேறு இல்லை. மடை வேலை என்பதற்குள் இரண்டும் அடக்கம்.

ஆழ்குழாய் வந்தபிறகு அந்த வேலைக்கு மதிப்புப் போனது. மோட்டார் வைத்தவருக்குக் கண்மாய் நிறைந்தால் என்ன, நிறையாவிட்டால் என்ன? களத்தில் அவருக்கு அளந்த நெல் குறைந்தது. வரத்துக்கால் தூர்ந்தது. தாத்தா செத்தபிறகு அந்த மண்வெட்டியை யாரும் எடுக்கவில்லை. அவருக்குப் பிறகு எங்கள் ஊரில் நீர்ப்பாய்ச்சி என்று ஒருவர் இல்லாமலே போய்விட்டார்.

அடுத்து மண்ணுக்கு வந்தார்கள். முன்பெல்லாம் கோடையில் வண்டி கட்டிக்கொண்டு போய் வண்டல் அள்ளுவோம். மேலாக ஒரு சாண் சுரண்டி எடுப்பது, அவ்வளவுதான். கரம்பை வயலுக்குப் போகும், கண்மாய் அடுத்த மழைக்கு ஆழமாகும், சரிவு மாறாது. ஒரு வருஷம் ஆழப்படுத்துகிறோம் என்று சொல்லி இயந்திரங்களை இறக்கினவர்கள் ஒரே இடத்தில் இரண்டாள் ஆழத்துக்குத் தோண்டினார்கள். லாரி லாரியாக மண் போனது. உள்வாய் குழிகுழியாக, கிணற்று விளிம்பு போலச் செங்குத்தாக நின்றது. மழை வந்து நிரம்பியதும் பார்க்க அழகாகத்தான் இருந்தது. நிறையத் தண்ணீர். ஆனால் குழித் தண்ணீர் மடைக்கு எட்டாது, வயலுக்குப் பாயாது. எனக்குத் தாங்காமல் போனது வேறு விஷயம். அந்த மார்கழியில் நாரைகள் வந்தன, சுற்றின, இறங்க இடம் பார்த்தன, போய்விட்டன.

மஞ்சள் மூக்கு நாரை கண்ணால் மீன் பிடிப்பதில்லை. அலகைப் பாதி திறந்து தண்ணீருக்குள் விட்டு இப்படியும் அப்படியும் துழாவிக்கொண்டே நடக்கும். காலால் சேற்றைக் கலக்கிவிடும். மிரண்டு ஓடுகிற மீன் அலகுக்குள் பட்டதும் சடக்கென்று மூடும். நின்று நடக்கத் தரை வேண்டும் அதற்கு. நத்தைகுத்தி நாரையின் அலகுக்கு நடுவில் ஓர் இடைவெளி இருக்கும். சேற்றிலிருந்து நத்தையை எடுத்து, ஓட்டை நொறுக்காமல் உள்ளே இருப்பதை உருவிவிடும். வெறும் ஓடுகளை நான் சட்டைப்பை நிறையப் பொறுக்கியிருக்கிறேன். நெடுங்கால் உள்ளானுக்கு ஒரு சாண் தண்ணீர், சின்ன உள்ளான்களுக்கு மினுங்குகிற சேறு, கிளுவைக்குக் கொஞ்சம் ஆழம், நீர்க்காகத்துக்கும் கூழைக்கடாவுக்கும் இன்னும் ஆழம். சரிவாக இருக்கிற கண்மாயில் எல்லாருக்கும் இடம் உண்டு. தை போய் மாசி வரத் தண்ணீர் உள்வாங்கும். ஓரமும் கூடவே நகர்ந்து நகர்ந்து உள்ளே போகும். வாரத்துக்கு வாரம் புதுச் சேறு, புதுப் பந்தி. பறவைகள் அந்த ஓரத்தோடு கூடவே நடந்து போவதை மாதக்கணக்காகப் பார்த்திருக்கிறேன்.

அந்த ஓரம்தான் கண்மாயின் உயிர் என்று நான் நம்புகிறேன். அதுதான் முதலில் போகிறது. வருஷத்தில் ஆறு மாதம் அங்கே தண்ணீர் இருக்காது. ஆடுமாடு மேயும். பார்க்கிறவர் கண்ணுக்குச் சும்மா கிடக்கிற தரிசு. ஒருவர் வேலி போடுவார், அடுத்தவர் தென்னை வைப்பார், அப்புறம் கல் ஊன்றி நூல் கட்டுவார்கள். கண்மாய் ஆக்கிரமிப்பை அகற்ற 2007-லேயே தமிழ்நாட்டில் சட்டம் வந்துவிட்டது. 2017-ல் குடிமராமத்து என்கிற பழைய பெயரோடு கண்மாய்களைச் சீரமைக்கிற திட்டமும் வந்தது. நல்லவை. ஆனால் கரையைப் பலப்படுத்தவும் மடையைக் கட்டவும் தெரிந்த அளவுக்கு, ஓரத்தைச் சரிவாக விட்டுவைக்க வேண்டும் என்பது இன்னும் பழகவில்லை. அதற்குச் செலவுகூட இல்லை. தோண்டாமல் விட்டால் போதும்.

போன மார்கழியில் பேத்தியைக் கூட்டிக்கொண்டு போனேன். வருஷா வருஷம் ஜனவரியில் ஆசியா முழுக்க நீர்ப்பறவைகளை எண்ணுகிறார்கள், 1987-லிருந்து நடக்கிறது. நானும் சில வருஷங்களாக எங்கள் கண்மாயை எண்ணுகிறேன். கூட்டமாக இருந்தால் பத்துப் பறவை எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று கண்ணில் அளந்துகொண்டு, பத்துப் பத்தாக நகர வேண்டும். பேத்திக்கு அந்தப் பொறுமை இல்லை. ஒன்று, இரண்டு என்று விரலை நீட்டி எண்ணினாள். நாமக்கோழிகள் முங்கி முங்கி எழுந்து அவள் கணக்கைக் கலைத்தன. மூன்று தரம் முதலிலிருந்து ஆரம்பித்தாள்.

மேற்குக் கோடியில் ஒரு துண்டு மட்டும் அந்த இயந்திரங்கள் எட்டாமல் தப்பியிருக்கிறது, பழைய சரிவோடு. அங்கே ஒரு மஞ்சள் மூக்கு நாரை தனியாக நின்றது.

"தாத்தா, அதுக்கு முட்டி பின்பக்கமா மடங்குது."

"அது முட்டி இல்லம்மா, கணுக்கால். முட்டி மேல, இறகுக்குள்ள இருக்கு."

"அப்ப அதுக்கு எவ்வளவு தண்ணி? முழங்கால் தண்ணியா, கணுக்கால் தண்ணியா?"

எனக்குப் பதில் வரவில்லை. பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அவளே தண்ணீரில் இறங்கினாள். மெதுவாக, கால் எடுத்து வைக்கும் சத்தம் கேட்காமல். தண்ணீர் அவள் முழங்காலைத் தொட்டதும் நின்றாள். நாரை தலையை உயர்த்திப் பார்த்தது. பிறகு திரும்பவும் அலகைத் தண்ணீரில் விட்டுத் துழாவ ஆரம்பித்தது.

இந்த வருஷ ஐப்பசியில், ராத்திரி இரண்டு மணி இருக்கும், போன் அடித்தது. நான் இப்போது ராஜபாளையத்தில் மகன் வீட்டில் இருக்கிறேன். ஊரிலிருந்து தம்பி. இந்த நேரத்தில் என்றதும் பதறிப்போய் எடுத்தேன். "என்னடா, யாருக்கு என்ன?" என்று கேட்டதற்குப் பேச்சே இல்லை. அவன் போனைக் கலுங்குப் பக்கம் நீட்டிப் பிடித்திருக்கிறான் என்பது கொஞ்ச நேரம் கழித்துத்தான் பிடிபட்டது. முறத்தில் அரிசி புடைக்கிற சத்தம். கட்டிலில் எழுந்து உட்கார்ந்து காதோடு அழுத்திக்கொண்டேன். மருமகள் வந்து விளக்கைப் போட்டாள். "என்ன மாமா?" என்றாள். கையைக் காட்டிச் சும்மா இருக்கச் சொன்னேன். தண்ணீர்ச் சத்தத்துக்கு மேலே, இருட்டில் எங்கேயோ பறந்துபோகிற வக்கா ஒன்று ஒரு தரம் "வக்" என்றது.